டிகிரி தண்ணி குடிச்சிச்சா?

போன ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் பகல் முழுக்க மழை. நாலு மணி போல மேல் வீட்டுப் பிள்ளை ஒரு பிஸ்கட் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள். பெட்டியின் அடிப்பக்கம் நனைந்து இளகிப்போயிருந்தது. உள்ளே கறுப்பும் வெள்ளையுமாக ஒரு நாய்க்குட்டி.

"அங்கிள், இது சும்மா அழுதுகிட்டே இருக்கு. ஒங்ககிட்டக் காட்டிட்டு வரச் சொன்னாங்க அம்மா."

எங்கள் தெருவில் எனக்கு நாய் வைத்தியன் என்று ஒரு பெயர் இருக்கிறது. நான் அதற்குத் தகுதியானவன் அல்லன். அது தெரியாமல் ஆட்கள் வருகிறார்கள், நானும் மறுப்பதில்லை. குட்டியைத் தூக்கி முகத்தருகே கொண்டுபோனேன். நாய்க்குட்டியின் வாய்க்கென்று ஒரு மணம் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். புளிக்கத் தொடங்கிய பாலும் வறுத்த கோப்பித்தூளும் சேர்ந்தது போல இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் அது போய்விடும். பிறகு எவ்வளவு கொஞ்சினாலும் திரும்பி வராது. கழுத்தில் புத்தம் புதிய சிவப்புப் பட்டி, அதில் ஒரு மணி. என் இரண்டு விரல்கள் தாமாகவே பட்டிக்குள் போகப் பார்த்தன. ஒரு விரல்தான் போனது. ஓர் ஓட்டை தளர்த்திக் கட்டினேன்.

"ரெண்டு விரல் போகணும் மகள். இது வளருது, பட்டி வளராது. கிழமைக்கு ஒருதரம் விரல விட்டுப் பாருங்க."

அவள் தலையாட்டிவிட்டு, குட்டியை வாங்கிக்கொண்டு மழைக்குள் ஓடிப்போனாள். கையில் அந்த மணம் மட்டும் மிச்சம். இந்த இரண்டு விரல் பாடத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. நான் கற்றுக்கொள்வதற்காக யோகம்மா என்ற ஒரு பெண் கடி வாங்கினார்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. டயகமவுக்குப் போகிற வழியில் ஒரு தோட்டத்தில், ஆபிசில் கடைசி மேசைக் கிளாக்கர். உயர்தரப் பரீட்சையை இரண்டு தரம் எழுதி, இரண்டு தரமும் பல்கலைக்கழகம் என்னை வேண்டாமென்று சொல்லியிருந்தது. குவாட்டர்ஸ் என்று இரண்டு அறையும் ஒரு குசினியும் கொடுத்திருந்தார்கள். அதற்கு மேலே, சரிவில், பத்துக் காம்பரா லயம் ஒன்று, பத்துக் குடும்பத்துக்கும் ஒவ்வோர் அறையாக ஒரே கூரையில் நீண்ட வரிசை வீடு. லயத்து ஆட்கள் காலையில் பெரட்டுக்களத்துக்கு, அதுதான் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு, என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

தேயிலை லொறி ஓட்டிய பியதாச ஒருநாள் ஆபிசுக்குள் வந்து, என் மேசையின் கீழே எதையோ வைத்துவிட்டுப் போனார். குனிந்து பார்த்தால் மண்ணிறத்தில் ஒரு குட்டி. வழியில் மழையில் கிடந்ததாம். சிங்களத்தில் சின்னஞ்சிறியதைக் கொஞ்சிச் சொல்லும் சொல் ஒன்று உண்டு, டிகிரி. அவர் அப்படித்தான் கூப்பிட்டார். அன்று பின்னேரமே தோட்டம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது: கிளாக்கரய்யா கடைசியில் டிகிரி எடுத்துவிட்டார்.

தொலைதூரத்தில் இருந்த என் அம்மாவுக்குக்கூட இந்தப் பகிடி எப்படியோ போய்ச் சேர்ந்திருந்தது. "பட்டம் வாங்குனியாமே, அதுக்கு வாலும் இருக்காமே" என்று போனில் கேட்டார்.

நாய் வளர்ப்பில் என் அறிவு எவ்வளவு என்று சொன்னால் சிரிப்பீர்கள். முதல் கிழமை மாவுப்பாலைச் சீனி போட்டுக் கரைத்துக் கொடுத்தேன். குட்டி நாலு நாள் வீடெல்லாம் கழிந்து துவண்டுபோனது. பிறகு கஞ்சியும், உப்பில்லாமல் அவித்த நெத்தலியும் கொடுத்தபோதுதான் எழுந்து நின்றது. அதற்குத் தொந்தி வைத்ததும் எனக்கு ஒரே பெருமை; வந்தவர் போனவர்களுக்கெல்லாம் காட்டினேன். அது பூச்சி வயிறு என்று பியதாசதான் சொல்லிப் பூச்சி மருந்து வாங்கி வந்து தந்தார். தை மாதப் பனியில் அது நடுங்கியபோது மட்டும் ஒரு நல்ல காரியம் செய்தேன். வெறும் சாராயப் போத்தலில் சுடுதண்ணி நிரப்பி, பழைய காலுறைக்குள் நுழைத்து, சாக்குப் படுக்கையில் பக்கத்தில் வைத்தேன். குட்டி அதைத் தாய் என்று நினைத்ததோ என்னவோ, கட்டிப்பிடித்துத் தூங்கிற்று. மேல் வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்ல மறந்துவிட்டேன். நாளைக்குச் சொல்ல வேண்டும்.

யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? வாலை வெட்டு என்றார் ஒருவர். பச்சை மிளகாயைச் சோற்றில் பிசைந்து கொடு, கோபம் ஏறும் என்றார் இன்னொருவர். கட்டிப் போட்டால்தான் காவல் நாயாகும் என்று கங்காணி சுப்பையா சொன்னார். அந்த ஒன்றை மட்டும் கேட்டேன். உரமூட்டை கட்டுகிற நீல நைலோன் கயிற்றில் ஒரு துண்டு எடுத்து, இரண்டு மாதக் குட்டியின் கழுத்தில் முடிச்சுப் போட்டேன். அவிழாத முடிச்சு. அதை மறந்தும் போனேன்.

கொழுந்து குவியும் காலம் வந்தது. ஆபிசில் தலை நிமிர நேரமில்லை. காலையில் சோறு வைப்பேன், பின்னேரம் சோறு வைப்பேன், அவ்வளவுதான். டிகிரி மளமளவென்று வளர்ந்தது. கழுத்து மயிர் அடர்ந்து கயிறு வெளியில் தெரியவில்லை. ஐந்தாவது மாதத்தில் யாராவது கிட்டே போனால் அது உறுமத் தொடங்கியது, தலையை உதறிக்கொண்டே இருந்தது. காவல் நாயாகிவிட்டது என்று நினைத்து நான் சுப்பையா கங்காணியிடம் நன்றி வேறு சொன்னேன்.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விசர்நாய்த் தடுப்பூசி போட சுகாதாரப் பகுதிக்காரர்கள் மைதானத்துக்கு வந்தார்கள். முதல் நாளே ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். ஊசி போட்ட நாய்களுக்குக் கழுத்தில் சிவப்பு நாடா கட்டிவிட்டார்களாம். 'கட்டிவிட்டார்களாம்' என்கிறேன், ஏனென்றால் நான் அன்று ஹட்டனுக்குப் படம் பார்க்கப் போயிருந்தேன். லயத்து ஏழு நாய்களையும் பழைய சேலைக் கிழிசலில் கட்டி இழுத்துப் போனவர் யோகம்மா.

யோகம்மா நாலாம் காம்பரா. நாற்பது வயதிருக்கும். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மாதத்துக்கு ஒருதரம் வருவார். ஒரே மகள் பத்தாம் வகுப்பு. தோட்டத்தில் விரைவாகக் கொழுந்தெடுக்கும் நாலைந்து பேரில் அவரும் ஒருவர். நான் அவரை யோகக்கா என்பேன். அவர் என்னை ஐயா என்பார். என்னைவிடப் பதினேழு வயது மூத்தவர் அப்படிக் கூப்பிடும்போது கூச்சமாகத்தான் இருக்கும், ஆனாலும் ஒருநாளும் வேண்டாமென்று சொன்னதில்லை.

மகளின் அடையாள அட்டைக்குப் படிவம் நிரப்ப ஒரு லீவு நாள் காலையில் வந்தார். நான் பேனை தேடி உள்ளே போனேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். டிகிரி கயிற்றை இழுத்துக்கொண்டு அவர் பக்கம் போயிருக்கிறது. ஊரில் உள்ள எல்லா நாயும் அவரிடம் போகும்.

"ஐயா, இதுக்கிட்ட என்னாவோ மணக்குதே" என்ற குரல் கேட்டது. "கழுத்துல ஈரமா இருக்கு. ஐயோ, என்னாங்கய்யா இது, கயிறு உள்ள போயிருக்கு..."

அடுத்து ஓர் அலறல். ஓடி வந்தேன். கயிற்றைத் தளர்த்த விரலை விட்டிருக்கிறார். புண்ணுக்குள் விரல் பட்டதும் டிகிரி திரும்பிக் கடித்துவிட்டது. வலது கை, கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே. இரத்தம் படியில் சொட்டிக்கொண்டிருந்தது. நாய் மூலைக்குப் போய் ஒடுங்கி நின்று நடுங்கியது.

ஐந்து நிமிடத்தில் லயமே என் வாசலில். மிளகாய்த்தூள் அப்பச் சொன்னார்கள், சுண்ணாம்பு தடவச் சொன்னார்கள். யோகம்மா எதையும் காதில் வாங்காமல் பீலிக்குப் போனார். மலையிலிருந்து விழும் தண்ணீரில் கையை நீட்டி, சவர்க்காரம் போட்டுப் போட்டுக் கழுவினார். புதுக் கட்டி பாதியாகத் தேயும்வரை நிறுத்தவில்லை. இங்கே சுப்பையா கங்காணி கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டையைத் தூக்கிவிட்டார்.

"தள்ளுங்கய்யா. ரெண்டு போடு போட்டா முடிஞ்சிச்சு."

நான் தள்ளி நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், தடுக்கவில்லை. இப்படி முடிந்தால் நல்லதுதான் என்றுகூட மனதின் ஓரத்தில் ஒரு நினைப்பு.

பீலியில் நின்றபடியே யோகம்மா கத்தினார். "அடிக்காதீங்க கங்காணி! அத அடிச்சிட்டா, அதுக்கு விசரா இல்லையான்னு எனக்கு யாரு சொல்றது? அது உசுரோட இருந்தாத்தான் எனக்குத் தெரியும்."

கட்டை கீழே இறங்கியது.

பஸ்ஸில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கையைச் சேலைத் துணியால் சுற்றி மடியில் வைத்திருந்தார். நர்ஸ் ஒரு நடுத்தர வயது அம்மா. சிங்களத்தில் கேட்டார், நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று. எனக்கு வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் பேனை, அவருக்கு நான் தோட்டத்து ஆபிஸ் மாத்தயா, அதாவது ஐயா. நாய்க்கு ஊசி போடாமல் படம் பார்க்கப் போனேன் என்று எப்படிச் சொல்வது?

"ஒவ்" என்றேன். ஆமாம் என்று அர்த்தம்.

ஊசி போட்ட நாய் என்றால் இப்போதைக்குப் பயமில்லை, பதினான்கு நாள் நாயைக் கவனியுங்கள் என்று அவர் எழுதத் தொடங்கினார். நாங்கள் வெளியே வந்தோம்.

"என்னாங்கய்யா சொன்னாங்க?"

"இப்ப ஊசி தேவையில்லயாம். நாயப் பாத்துக்கிட்டா போதுமாம்."

அவர் முகம் தெளிந்தது. வாசல் வரைக்கும் நடந்தார். பிறகு நின்றார். "அன்னைக்கி மைதானத்துல ஐயாவக் காணலியே. டவுனுக்குக் கொண்டுபோயா போட்டீங்க?"

அவர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டார். எங்களுக்கு முன்னால் ஒரு தாய் பிள்ளைக்கு வடை பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இல்லக்கா. போடல."

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "எனக்கு ஒரு பொம்பளப் புள்ள இருக்குங்கய்யா" என்றார். அதற்குப் பிறகு, "வாங்க, திரும்பிப் போயிச் சொல்லுவோம்" என்று அவரே முன்னால் நடந்தார்.

நர்ஸ் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, எழுதியதை வெட்டினார். அரைகுறைத் தமிழில், "மாத்தயா, ஏன் பொய்?" என்று மட்டும் கேட்டார். கோபமே இல்லாத குரல். பல வருடமாகியும் அந்த மூன்று சொல் எனக்குப் பழசாகவில்லை. அன்றே ஊசி தொடங்கினார்கள். காயத்தைச் சுற்றியும் குத்த வேண்டியிருந்தது. யோகம்மா இடது கையால் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். திரும்பி வரும் பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தார்.

மறுநாள் காலை, பெரட்டுக்குப் போகும் நேரம், என் வாசலில் வந்து நின்றார். கையில் கட்டு. "தண்ணி குடிச்சிச்சா?"

விசர் பிடித்த நாய்க்குத் தண்ணீர் தொண்டையில் இறங்காது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். "குடிச்சிச்சுக்கா" என்றேன்.

"கயித்த வெட்டிட்டீங்களா?"

நான் வெட்டவில்லை. பயம். அவர் புரிந்துகொண்டார். "எனக்குத்தான் ஊசி போட ஆரம்பிச்சாச்சே. நான் புடிக்கிறேன், நீங்க வெட்டுங்க" என்றார். சேலைக் கிழிசலால் நாயின் வாயைச் சுற்றிக் கட்டி, கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை அதன் தலைமேல் போர்த்தி, இடது கையால் அமுக்கிக்கொண்டார். நான் ஆபிஸ் கத்தரிக்கோலால் மயிரை ஒதுக்கி, கயிற்றைத் தேடி வெட்டினேன். விரலளவு ஆழத்துக்குச் சதைக்குள் போயிருந்தது. அந்த மணத்தைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. டிகிரி படங்குக்குள்ளே ஒரு குழந்தையைப் போல முனகியது. நான் அழுதுவிட்டேன். யோகம்மா பார்க்காத மாதிரி இருந்தார். தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்த மருந்தை, உப்புத் தண்ணியில் கழுவிக் கழுவித் தினமும் தடவினேன். இப்போது கழுத்தில் கயிறில்லை. விறகுக் கொட்டிலில் அடைத்து வைத்தேன்.

நாள்தோறும் காலையில் அதே கேள்வி. அவர் மட்டும் கேட்டால் பரவாயில்லை. லயமே கேட்டது. கூடையோடு போகும் இருபது முப்பது பேரும் கொட்டில் இடுக்கால் எட்டிப் பார்த்து, "டிகிரி தண்ணி குடிச்சிச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள். கங்காணியும் கேட்டார். ஊசிக்குரிய நாட்களில் நானே யோகம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கை வீங்கியிருந்ததால் அவரால் கொழுந்தெடுக்க முடியவில்லை. நாற்றுமேடையில் களை பிடுங்கும் வேலை கொடுத்திருந்தார்கள்.

ஒன்பதாம் நாள் டிகிரி தண்ணீர் குடிக்கவில்லை.

சோற்றையும் தொடவில்லை. வாயிலிருந்து எச்சில் நூலாக வழிந்தது. அதில் இரத்தச் சிவப்பு. யோகம்மா வந்து கேட்டபோது கொட்டில் பக்கம் கையைக் காட்டினேன். அவரே எட்டிப் பார்த்தார். சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு, கொட்டிலுக்கு எதிரே இருந்த மரக்குற்றியில் உட்கார்ந்தார். அன்று வேலைக்குப் போகவில்லை. நானும் ஆபிசுக்குப் போகவில்லை.

"மக பரீட்ச எழுதுறது வரைக்குமாவது நான் இருக்கணும்" என்றார் ஒருதரம். ஊசி போட்டிருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று நர்ஸ் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். "அது எனக்கும் தெரியும்யா. பயத்துக்குத் தெரியலையே" என்றார். 'ங்க' இல்லாமல், தம்பியிடம் சொல்கிற மாதிரி என்னிடம் பேசியது அதுதான் முதல்தரம்.

பத்து மணியளவில் மழை வந்தது. நாங்கள் தாழ்வாரத்துக்குள் ஒதுங்கினோம். கொட்டிலின் தகரத்திலிருந்து வழிந்த தண்ணீர் உள்ளே மண்தரையில் தேங்கியது. டிகிரி எழுந்தது. தேங்கிய தண்ணீரை முகர்ந்தது. பிறகு சளப் சளப் என்று குடிக்கத் தொடங்கியது. குடித்துக்கொண்டே இருந்தது. யோகம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

பிற்பாடு சாக்கை உதறியபோது ஏதோ வெள்ளையாக விழுந்தது. அரிசியளவு ஒரு பல். அதைப் பார்த்துவிட்டு நாயின் வாயைத் தூரத்திலிருந்தே கவனித்தோம். முரசு, அதாவது ஈறு, சிவந்து, ஒரு புதுப்பல் பாதி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்தாம் மாதத்தில் நாய்க்கும் பால்பல் விழும் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. லயத்து நாய்களின் பல்லை யார் எண்ணிப் பார்த்தது?

யோகம்மா சிரிக்கத் தொடங்கினார். கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். பிறகு அந்தப் பல்லை எடுத்து, பிள்ளைகளுக்குச் செய்கிற மாதிரியே, இடது கையால் கூரைமேல் எறிந்தார். தகரத்தில் 'டிங்' என்று விழுந்து உருண்டது.

"நல்ல பல்லா மொளைக்கட்டும். ஆனா என்னையக் கடிக்காத."

பதினான்கு நாளும் முடிந்தது. டிகிரி உயிரோடு, கொழுத்து இருந்தது. யோகம்மாவுக்கு மிச்ச ஊசி தேவையில்லை என்றார்கள். இருவருமாக டிகிரியை டவுனுக்குக் கொண்டுபோய்த் தடுப்பூசி போட்டோம். கழுத்துப் புண் ஆறும்வரை சேலைக் கிழிசலை மார்போடு சுற்றிக் கட்டி நடத்திக்கொண்டு போனோம். அதன் பிறகு அது என்னிடம் சாப்பாட்டுக்கு மட்டும் வந்தது. படுக்கை நாலாம் காம்பரா வாசலில். என்மேல் அதற்குக் கோபம் என்று நான் நினைக்கவில்லை. அங்கே அடுப்புச் சூடு அதிகம், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டேன்.

நான் சொன்ன பொய்யை யோகம்மா லயத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. சில வருடம் கழித்து மகளின் கலியாணத்துக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவர் அவருடைய கைத் தழும்பைப் பார்த்து என்னவென்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"நாய் கடிச்சது."

"யாரு வீட்டு நாயி?"

"லயத்து நாய்தான்" என்றார் யோகம்மா. என்னைப் பார்க்காமலே தாம்பாளத்தை நீட்டி, "ஐயா, வெத்தல எடுத்துக்கங்க" என்றார்.

டிகிரி வயதாகி அந்த வாசலிலேயே செத்துப்போனது. யோகம்மா இப்போது வத்தளையில் மகளோடு, மூன்றாம் மாடியில். போன மாதம் ஒரு வேலையாக அந்தத் தோட்டத்துப் பக்கம் போனேன். லயம் இல்லை. இடித்து, அஸ்திவாரத்தின்மேல் புல் முளைத்திருக்கிறது. என் குவாட்டர்ஸில் கூரை இல்லை. அந்த மலையில் கொழுந்தெடுப்பதையும் விட்டுவிட்டார்கள். தேயிலை ஆள் உயர மரமாகிக் கிடக்கிறது. எதிர்ச் சரிவில் தனித்தனி வீடுகள், நல்ல வீடுகள், ஒவ்வொன்றுக்கும் வேலி, படலைக் கதவு. அப்படி ஒரு வீடு கிடைக்க இவர்கள் எத்தனை தலைமுறை காத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் குறை சொல்லமாட்டேன்.

ஒரு நாய் என்னை மோப்பம் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தது. நாலு எட்டு வந்திருக்கும், வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். உடனே திரும்பி ஓடி, படலைக்குள் நுழைந்துவிட்டது. கழுத்தில் நல்ல தோல் பட்டி, வயிறும் நிறைந்திருந்தது. ஒரு வீட்டுக்கென்று இல்லாமல் பத்துக் காம்பராவிலும் சாப்பிட்ட அந்தக் காலத்து நாய்களை அப்படித் திரும்பக் கூப்பிட ஆளில்லை. யார் புறப்பட்டாலும் கூடவே பஸ் நிற்கும் சந்தி வரைக்கும் வரும், பஸ் வளைவில் மறையும்வரை ரோட்டில் உட்கார்ந்திருக்கும். சந்திக்கு ஒரு மைல். தனியாகத்தான் நடந்தேன்.